கொமினிகேசன் படித்தால் கொமினிகேசனில்தானா வேலை?

விசுவமடுப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் எழுதிவிட்டு இங்கே ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், லமினேற்றிங், பின்னேரத்தில் அம்மாமாருக்கு அஸ்வெசும என்ற அரச உதவிப்பணப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. தமிழ், புவியியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என் பாடங்கள். பெறுபேறு மோசமில்லை. இப்போது பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்று குழப்பம். திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள், அல்லது யாழ்ப்பாணக் கலைப்பீடம்.

வீட்டில் விசயத்தைச் சொன்னதும் அப்பா, "இப்பவே கொமினிகேசனிலதானே இருக்கிறாய், அதுக்கு ஏன் நாலு வருசம்?" என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார். கலைப்பீடம் போய் ரீச்சராக வா என்கிறார். இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருவார்கள்? படித்தவர்கள் சொல்லுங்கோ.

கண்டாவளையான்:
தங்கச்சி, நான் திருகோணமலையில் படித்தவன். எங்கள் வீட்டிலும் போன் கடை போடப்போகிறேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள்.

முதல் வருசம் லாஸ்வெல் என்பவர் 1948இல் எழுதிய ஒரு வரியைப் பாடமாக்க வைத்தார்கள்: யார், என்ன சொல்கிறார், எந்த வழியால், யாருக்கு, என்ன விளைவோடு. இதற்கா வளாகம் வந்தோம் என்று சிரித்தோம். பிறகு 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது நான் வீட்டில் நின்றேன். எத்தனை கதவு, எத்தனை அங்குலம் என்று போனில் அறிவித்தல் வந்தது. கணக்கில் பிழை இருந்திருக்காது. ஆனால் அம்மம்மா கேட்டது வேறு: "தண்ணி எங்கட படிக்கு வருமா? மாட்டை இப்பவே அவிழ்க்கவா?" அதற்கு அந்த அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணை வந்து, "சந்திக்கு ஏறிட்டுது, வெளிக்கிடுங்கோ" என்று கத்தினார். அம்மம்மாவுக்கு விளங்கியது அதுதான். லாஸ்வெல்லின் "யாருக்கு" எனக்கு அன்றைக்குத்தான் ஏறியது. என் இறுதியாண்டு ஆய்வையும் அதைப் பற்றியே செய்தேன்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் விழிப்புணர்வுப் பகுதியில் இருக்கிறேன். ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தையும் இப்பவே தொடங்கு. முதல் அரையாண்டில் ஆங்கிலத்தால் அழுதவர்களில் நானும் ஒருவன்.

வவுனியா ரீச்சர்:
அப்பா ரீச்சர் வேலை என்கிறார், நீ ஊடகம் என்கிறாய். ரெண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி ஏன் யோசிக்கிறீர்கள்? உயர்தரத்தில் நீ படித்த அந்தப் பாடத்தை உனக்கும் ஒரு ரீச்சர்தானே படிப்பித்தார்! யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்துக்குள்ளேயே ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. வீட்டுக்குக் கலைப்பீடம், உனக்கு ஊடகம்.

செய்தியாளராக வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் பட்டம் கட்டாயமில்லை. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரியில் தமிழிலும் டிப்ளோமா இருக்கிறது. நான் ஒரு பத்திரிகைக்குப் பிராந்தியச் செய்தியாளராக இரண்டு வருசம் எழுதினேன். செய்திக்கு இவ்வளவு என்று காசு. மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கே சரி. அதனால்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் நிற்கிறேன்.

விசுவமடுப் பிள்ளை:
அண்ணா, ரீச்சர், நன்றி. அண்ணா சொன்ன மாட்டுக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

நேற்றுக் கடைக்கு ஒரு ஐயா படிவத்தோடு வந்தார். "நிரந்தர வதிவிடம்" என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "பிள்ளை, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எது நிரந்தரம் எண்டு எனக்கே தெரியேல்ல" என்றார். இப்போது இருக்கிற வீட்டு விலாசத்தைப் போடுங்கோ ஐயா என்று நானே எழுதிக் கொடுத்தேன். அந்தப் படிவத்தை எழுதியவர் இந்த ஐயாவை நினைத்திருக்கவே மாட்டார்.

திருகோணமலையைத்தான் முதலில் போடப்போகிறேன். படத்தில் பார்த்தால் முல்லைத்தீவுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் பஸ்ஸுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று சுற்ற வேண்டுமாமே? ஹொஸ்டல் கிடைக்குமா அண்ணா?

கண்டாவளையான்:
சுற்றுத்தான், விடியவே வெளிக்கிட வேண்டும். ஹொஸ்டல் எனக்கு முதலாம் வருசம் கிடைத்தது. நுளம்பு வலை கொண்டு போ.