ஓடும் திருடனை அடிக்கலாமா? தற்காப்புரிமை எதுவரை?

கேள்வி:
சென்ற மாதம் இரவு இரண்டு மணியளவில், சமையலறை ஜன்னல் கம்பி நெளியும் ஓசை கேட்டு விழித்தேன். கிரிக்கெட் மட்டையுடன் நான் போவதற்குள், மேசைமேல் இருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒருவன் ஜன்னல் வழியே வெளியேறிவிட்டான். சுற்றுச்சுவரில் ஏறும்போது கைப்பேசி அவன் கையிலிருந்து நழுவி முற்றத்தில் விழுந்தது. அவன் கால் என் மட்டைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஓங்கிய கை ஏனோ இறங்கவில்லை. அடித்திருந்தால் வழக்கு என்மீதே பாய்ந்திருக்குமா?

பதில் 1:
2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவையே. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள்தாம் எண் மாறி வந்திருக்கின்றன. உடலை மட்டுமல்ல, உடைமையையும் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சூரியன் மறைந்தபின் ஜன்னலை நெளித்து உள்ளே புகுந்தவன் வீட்டுக்குள் இருக்கும்வரை சட்டம் உங்களுக்கு மிகுந்த இடம் தருகிறது. 41-ஆம் பிரிவின்படி, அந்நிலையில் தற்காப்புக்குத் தேவையான தாக்குதலில் அவன் இறந்தாலும் அது குற்றமாகாது. ஆனால் அவன் வெளியேறியதும் அந்த விரிந்த உரிமை முடிந்துவிடுகிறது. அதன்பின் எஞ்சுவது திருட்டுக்கு எதிரான உரிமை. திருடன் பொருளுடன் தப்பிவிடும்வரை, அல்லது காவலர் உதவி கிடைக்கும்வரை, அல்லது பொருள் மீளும்வரைதான் அது நீடிக்கும் என்கிறது 43-ஆம் பிரிவு. உங்கள் கைப்பேசி முற்றத்தில் விழுந்து உங்களுக்கு மீண்டுவிட்டது. அதற்குப் பிறகு விழும் அடியைத் தற்காப்பு என்று வாதிடுவது கடினம்; கோபத்தின் அடி என்றுதான் அரசுத் தரப்பு சொல்லும். உங்கள் கை இறங்காதது நல்லதாயிற்று.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் படிப்பவர்கள் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், எதிரே நிற்பவன் கையில் இருப்பது கத்தியா டார்ச்சா என்று தெரியாத நிலையில் கொடுத்த அடியைப் பொற்கொல்லர் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியிருக்கிறது. தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றாலும், நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். பிடிபட்டவனைக் கட்டிவைத்து அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குள் அவனைக் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இனி ஒருவன் ஏறாதபடி சுவர்மேல் கம்பி கட்டி, வீட்டு மின்சாரத்தையே அதில் பாய்ச்சலாம் என்று என் தம்பி சொல்கிறான். அது தற்காப்பில் சேருமா?

பதில் 1:
சேரவே சேராது, தம்பியிடம் உடனே சொல்லிவிடுங்கள். பீகாரில் ஒருவர், பிறர் தம் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க அங்கே மின்கம்பியை இழுத்துவைத்தார். அதைத் தொட்ட ஒரு பெண் இறந்துபோனார். அத்துமீறி நுழைந்தவர் என்பதாலேயே அவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடவில்லை என்று கூறி, கம்பி வைத்தவரின் தண்டனையை 1963-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நீங்கள் தூங்கும்போது அந்தக் கம்பி கொல்வது திருடனையா, பந்து எடுக்க ஏறிய சிறுவனையா என்று அதற்குத் தெரியாது. சமையலறை ஜன்னலுக்குத் தடித்த கம்பி போடுங்கள்.