பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்த சைவ அரசன்: சமயப்பொறையா, அரசியலா?

கேள்வி:
இந்து சமயம் பிற சமயங்களை அரவணைத்தது என்று கேட்கும்போதெல்லாம், ஞானசம்பந்தர் பெரும்பாலும் பதிகத்தின் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் கடிந்து பாடியிருப்பது நினைவுக்கு வருகிறது. தேவாரம் ஓதி வளர்ந்தவன் நான், குறைகாணும் நோக்கமில்லை. அப்பதிகங்களைப் போற்றிய சமூகம் மாற்றுச் சமயத்தாரிடம் எப்படி நடந்துகொண்டது? கல்லிலோ செப்பேட்டிலோ சான்று உண்டா?

மறுமொழி 1:
ஆனைமங்கலச் செப்பேட்டைப் படியுங்கள். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு (துறவியர் மடத்துக்கு), சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக, அளித்தான். நிலம் 97 வேலிக்கும் மேல். அதன் காணிக்கடன் (நிலவரி) 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி நிலத்தை வரையறுத்தார்கள். சிவன் கோயிலுக்குத் தேவதானமாக நிலம் விடும்போது என்ன முறையோ, அதே முறைதான் புத்தர் பள்ளிக்கும். தந்தை மறைந்தபின் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான்.

மறுமொழி 2:
அது கடல் வாணிகத்துக்காகச் செய்த கொடை என்றே நினைக்கிறேன். அதே இராசேந்திரன் பின்னாளில் கடாரத்தின்மீது படையெடுத்தான். எனக்கு வலுவான சான்றாகத் தெரிவது, இராசராசனின் தமக்கை குந்தவை, இன்று தாதாபுரம் எனப்படும் இராசராசபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததோடு, சமணர்க்கும் ஒரு கோயில் எடுத்ததுதான். அதில் என்ன வாணிக ஆதாயம்?

மறுமொழி 3:
சைவ சித்தாந்த நூலையும் பார்க்க வேண்டும். சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி பிற சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறது. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கமோ, 'யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்' என்கிறது; எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும் அத்தெய்வமாகச் சிவனே வருவார் என்பது கருத்து. எல்லாச் சமயமும் ஒன்றே என்று இதற்குப் பொருளில்லை; கொள்கையில் விட்டுக்கொடுக்காமலே, வழிபடுபவரின் அன்பு வீண்போகாது என்று ஏற்கிறது. சம்பந்தரின் பத்தாம் பாட்டையும் நான் வாதமாகவே வாசிக்கிறேன். சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்வதை மட்டும் அப்படி வாசிக்க என்னால் முடிவதில்லை.

மறுமொழி 4:
நான் நாகப்பட்டினத்துக்காரன். எனக்கு முதல் முடி இறக்கியது நாகூர் தர்காவில். அங்குள்ள 131 அடிப் பெரிய மனோராவை (தூபியை)க் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குச் சந்தனக்கூடு ஊர்வலம் புறப்படும் நாளில், வாசல் தெளித்துக் கோலமிட்டு, இரவு எந்நேரமானாலும் அம்மா விழித்திருப்பார்.