.38 ஸ்பெஷல் சுட்ட பிறகு .357 மேக்னம் தோட்டா முழுசா இறங்கலை, உதவி தேவை

செந்தூல்வாசி:
வணக்கம். கிளப் ரிவால்வர், .357 மேக்னம், ஆறு அறை. காலையில .38 ஸ்பெஷல் 100 தோட்டா சுட்டாச்சு. அப்புறம் மேக்னம் போட்டா, தோட்டாவோட விளிம்பு சிலிண்டரை விட்டு 2, 3 மி.மீ. வெளியே நிக்குது. கட்டை விரலால அழுத்தினதுல ரெண்டு மட்டும் உட்கார்ந்துச்சு. மத்ததைத் தட்டி இறக்கலாமா? இல்ல தோட்டாவே அளவு தப்பா?

பாயான்லெப்பாஸ்:
தட்டாதீங்க. உட்கார்ந்த ரெண்டையும் சுடாம வெளியே எடுத்துடுங்க.

தோட்டாவில தப்பில்ல. ரெண்டுக்கும் குண்டு ஒரே விட்டம், 0.357 அங்குலம். குண்டைப் பிடிச்சிருக்கிற உலோகக் கூட்டோட நீளம்தான் வேற: ஸ்பெஷல் 29.3 மி.மீ., மேக்னம் 32.8 மி.மீ. ஸ்பெஷலோட வாய் முடியற இடத்துக்கு முன்னால அறையில 3.5 மி.மீ. காலியா இருக்கும். கரியும் ஈயமும் அங்கதான் வளையமாப் படியும். மேக்னம் கூட்டோட வாய் அந்த வளையத்துல இடிக்குது. நீங்க சொன்ன 2, 3 மி.மீ. கணக்கு அதோட பொருந்துது.

அழுத்தி உட்கார வச்சா, கூட்டு வாய் விரிய இடமில்லாம குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். மேக்னத்தோட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, ஸ்பெஷலுக்கு 17,000தான்.

ஆறு அறையும் காலின்னு பார்த்துட்டு, சால்வென்ட் (கரியைக் கரைக்கிற திரவம்) விட்டு 15 நிமிஷம் ஊறட்டும். பிறகு .40 அளவு வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கமா விட்டு, சுழற்றிக்கிட்டே முன்பக்கம் வெளியே வர்ற வரைக்கும் தள்ளுங்க. பாதியில திருப்பி இழுத்தா முடி மடங்கிடும். அறைக்குப் பத்து தடவை. இரும்பு பிரஷ் கூடாது, அறைச் சுவர்ல கீறல் விழுந்தா கூடு ஒட்டும். ஈயத் தூள் என்பதால கையுறை போடுங்க.

செந்தூல்வாசி:
நன்றிண்ணே. நாலு அறை சரி. ரெண்டுல இன்னும் லேசா இடிக்குது.

பத்துமலைக்காரன்:
அந்த ரெண்டுக்கும் இன்னொரு முறை ஊற வைங்க. காய்ஞ்ச துணியால துடைச்சு, வெளிச்சத்துக்கு நேரா பின்பக்கமிருந்து பாருங்க. வளையம் இருந்தா மங்கலான கறுப்புப் பட்டை தெரியும். சுத்தமான அறையில தோட்டா தானாவே டொக்குன்னு விழணும்.

சுட்ட கூடுகளை வெளியே தள்ற எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியிலயும் பல் பிரஷ் போடுங்க. எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒண்ணு அங்க மாட்டினாலே சிலிண்டர் மூடாது. கரி வளையம்னு நினைச்சு அறையையே தேய்ச்சுக்கிட்டு இருப்போம்.

இன்னொண்ணு: கூட்டு அடியில ‘38 எஸ்&டபிள்யூ’ன்னு இருந்து ‘ஸ்பெஷல்’ இல்லன்னா அது வேற தோட்டா. குட்டையும் தடிமனும், கூடு 19.7 மி.மீ.தான். வெள்ளைக்காரன் காலத்து வெப்லி வகையறாவுக்கு உள்ளது. பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

செந்தூல்வாசி:
அடியில ஸ்பெஷல்னுதான் இருக்கு. ரெண்டாவது ஊறலுக்கு அப்புறம் ஆறும் டொக்குன்னு விழுது. .38 ரிவால்வர்ல மேக்னம் போட்டா?

பாயான்லெப்பாஸ்:
இறங்காது, இறங்கவும் கூடாது. கூட்டை நீட்டினதே அதுக்குத்தான். உங்க துப்பாக்கியில ரெண்டையும் ஒரே நாள் சுடணும்னா மேக்னத்தை முதல்ல முடிச்சுடுங்க.