நெல் காய வைக்க வாடகை வண்டி: தொழிலா, தலைவலியா?

நீடாமங்கலம் பையன்:
சென்னையில் 6 வருஷம் சாஃப்ட்வேர் வேலை. போன ஐப்பசியில் ஊருக்கு வந்தபோது அப்பா தார்ச்சாலை ஓரத்தில் குறுவை நெல்லைக் கொட்டிவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். காலையில் படுதாவை விலக்கிக் காலால் கிளறிவிடுவார், கிழக்கே கறுத்ததும் ஓடிவந்து மூடுவார். நெல்லின் ஈரப்பதம் முதல் நாள் 21 சதவீதம், ஐந்தாம் நாள் 18.4. அரசு கொள்முதலுக்கு 17க்கு மேல் கூடாது. ஏழாம் நாள் அடியில் கிடந்த நெல் முளைவிட்டிருந்தது.

என் யோசனை இதுதான். உமியை எரித்துச் சூடான காற்றை ஊதும் உலர்த்தியை டிராக்டர் பின்னால் இழுத்துக்கொண்டு களத்துக்கே போவது. டன்னுக்கு 1,000 ரூபாய் வாடகை. வீட்டில் எல்லாரும் “வெயிலுக்கு வாடகையா?” என்று சிரிக்கிறார்கள். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு பேர் கூடத்தில் காற்று மெத்தை விரித்து ஆள் தங்க வைத்தபோதும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். அதுதான் வீடுகளில் வாடகைக்குத் தங்க இடம் பிடித்துத் தரும் இன்றைய ஏர்பிஎன்பி. வேலையை விடலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:
விடாதே தம்பி. மெத்தையை மடித்து அலமாரியில் வைக்கலாம், இரும்பை எங்கே வைப்பாய்? எனக்குத் தலைஞாயிறு பக்கம் 6 ஏக்கர். 22 ஈரத்தில் இருக்கும் ஒரு டன்னை 17க்குக் கொண்டுவந்தால் 60 கிலோ எடை போய்விடும். குவிண்டால் 2,500 என்று வைத்தாலே 1,500 ரூபாய். அதோடு உன் வாடகை 1,000. 25,000 ரூபாய் நெல்லில் பத்தில் ஒரு பங்கை உனக்கும் காற்றுக்கும் கொடுக்க நான் என்ன மிராசுதாரா?

நீடாமங்கலம் பையன்:
ஐயா, அந்த 60 கிலோ தண்ணீர். வெயிலில் காய்ந்தாலும் போகத்தான் போகிறது. எங்கள் பக்கம் ஈர நெல்லை வியாபாரி குவிண்டால் 1,800க்குக் கேட்டார். டன்னுக்கு 18,000. காய வைத்தால் 940 கிலோ, 23,500 ரூபாய். என் வாடகை போக 22,500. உங்கள் கையில் 4,500 கூடுதல்.

ஆத்தூர் பெல்ட் மிஷின்:
தம்பி பக்கம் நான். அறுவடை மிஷினை முதன்முதலில் டெல்டாவுக்கு ஓட்டிவந்தபோது வைக்கோல் பாழாகிறது, மாடு திங்காது என்று வரப்பில் நின்று திட்டினார்கள். இப்போது அறுப்பு நாளில் ராத்திரி 11 மணிக்கும் போன் வருகிறது. உண்மையைச் சொன்னால் இந்த ஈரப் பிரச்சினையே எங்களால் வந்ததுதான். கையால் அறுத்த காலத்தில் அறுத்த தாள் வயலில் கிடந்து காய்ந்தது, அப்புறம் களத்தில் போராக அடுக்கிக் கிடந்தது, அதற்குப் பிறகுதான் அடிப்பார்கள். நாங்கள் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துப் பச்சையாகக் கொட்டிவிட்டுப் போகிறோம்.

ஆனால் ஒன்று. உன் வண்டி 5 சதவீதம் இழுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

நீடாமங்கலம் பையன்:
5 மணி நேரம். மணிக்கு 1 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் அரிசி வெடித்து நொய்யாகும். ஒரு தடவைக்கு 2 டன்.

ஆத்தூர் பெல்ட் மிஷின்:
என் மிஷின் ஒரு மணி நேரத்தில் கொட்டுவதைக் காய வைக்க உனக்கு 5 மணி நேரமா! ஒரு மிஷினுக்குப் பின்னால் உன் வண்டி 5 நிற்க வேண்டும். கட்சி மாறலாமா என்று யோசிக்கிறேன்.

திருவாரூர் கணக்கு:
குறுவைக்கு ஒரு 40 நாள், சம்பாவுக்கு ஒரு 40 நாள். மீதி நாளில் வண்டி துருப்பிடிக்கும், வட்டி துருப்பிடிக்காது. பெரம்பலூர் மக்காச்சோளத்தைக் காய வைக்கலாமே என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் சம்பா அறுப்பு நேரத்தில்தான் வரும். பட்டுக்கோட்டை, பேராவூரணி கொப்பரை இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம்.

உமி என்றதும் பீகாரின் ஹஸ்க் பவர் நிறுவனம் ஞாபகம் வந்தது. 2007இல் தம்குஹா என்ற ஊரில் உமியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தொடங்கியவர்கள். பிழைத்து வளர்ந்தார்கள், ஆனால் பிற்பாடு சூரிய ஒளிப் பக்கம் போய்விட்டார்கள். யோசனையைக் கட்டிக்கொண்டு அழவில்லை, வாடிக்கையாளரை விடவில்லை. உன் வாடிக்கையாளர் யார் என்று இன்னும் நீ சொல்லவில்லை.

கடைமடைக்காரன்:
திருவாரூர் அக்கா கேட்டது சரி. தம்பியின் 4,500 எப்போது வரும்? நெல்லை அன்றைக்கே எடுத்தால் வரும். இங்கே கொள்முதல் நிலையத்தில் வரிசை. 17க்குக் காய வைத்த நெல்லும் படுதாவுக்குள் பத்து நாள் கிடக்கும். ராத்திரிப் பனியில் மறுபடி ஈரம் ஏறி 18 காட்டினால் உன்னைக் கூப்பிட்டு இன்னொரு 1,000 தர வேண்டுமா? மேலே இருப்பவர்கள் 2022 அக்டோபரில் 19 வரை தளர்த்தினார்கள். அந்த மாதிரி ஓர் உத்தரவு வந்தால் அன்றைக்கு உன் வண்டிக்கு வேலை பாதியாகிவிடும்.

நீடாமங்கலம் பையன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. வரிசையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

விதைப்பண்ணை:
நடுவில் நுழைகிறேன். நான் ஆடுதுறை 43 நெல் ரகத்தில் விதை எடுக்கிறேன். எங்களுக்கு 17 போதாது, சான்று வாங்க 13. மழை நாளில் 13க்கு எந்தக் களத்திலும் வராது. முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் விதை சாப்பாட்டு நெல் விலைக்குப் போகும். இரண்டு வருஷம் முன்னால் எனக்கு அப்படி 4 டன் போனது. உன் காற்று 43 டிகிரியைத் தாண்டாது என்று காட்டு, டன்னுக்கு 1,000 இல்லை, 2,000 தருகிறேன். எனக்கு வரிசையும் கிடையாது. ஆனால் நெருப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவனை என் களத்துக்குள் விடமாட்டேன்.

திருவாரூர் கணக்கு:
இதைத்தான் கேட்டேன். முதல் இரண்டு வருஷம் விதை, அப்புறம் மற்றது. வேலையை இப்போதே விடாதே, குறுவைக்கு இரண்டு மாசம் சம்பளமில்லாத லீவு கேள்.

கடைமடைக்காரன்:
நல்லாயிருக்கிறது. அப்பா ரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்து வந்த யோசனை, அப்பாவுக்கு ஆகாமல் விதைக்காரருக்குப் போகிறது.

நீடாமங்கலம் பையன்:
எனக்கும் அது உறுத்துகிறது ஐயா. குறுவையில் உங்கள் களத்துக்கு ஒரு நாள் இலவசமாகக் கொண்டுவருகிறேன். எடையும் ஈரமும் நீங்களே எழுதி வையுங்கள்.

கடைமடைக்காரன்:
இலவசம் வேண்டாம். டன்னுக்கு 600. நொய் விழுந்தால் அதுவும் கிடையாது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டித்தான் களத்துக்கு வரணும், பாலம் 8 அடி. உன் வண்டி அகலம் எவ்வளவு?

நீடாமங்கலம் பையன்:
வரைபடத்தில் 8 அடி 4 அங்குலம். சக்கரத்தை உள்ளே தள்ள முடியுமா என்று பட்டறையில் கேட்டுவிட்டு வருகிறேன்.