எம்.எல்.ஏ. கணக்கு சொல்ல வந்த நாள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திண்ணைக்காரன்

பட்ஜெட் முடிந்ததும் ஊர் ஊராக வந்து திட்டங்களை விளக்குகிற கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பந்தல், சால்வை, இரண்டு மணி நேரத் தாமதம் எல்லாம் வழக்கம் போலத்தான். எங்கள் எம்.எல்.ஏ. நன்றாகவே பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். தாளைப் பார்க்காமலே அடுக்கினார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில், மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிப் பெண்களுக்கு மேல்.

அந்த இடத்தில் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்தார். கையில் கரண்ட் பில் குறிக்கிற அட்டை. "அந்த ஒரு கோடியில நான் இல்லைங்களே. மூணு குடும்பத்துக்கு ஒரே மீட்டர். வருசத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல ஓடுதுன்னு தள்ளிட்டாங்க. எம் பங்குக்கு ஒரு லைட்டு, ஒரு ஃபேனு, அவ்வளவுதான்."

அட்டையை விரித்து மேடைப் பக்கம் நீட்டினார். எம்.எல்.ஏ. குனிந்து வாங்கினார். ஒப்புக்குப் பார்க்கவில்லை, பக்கம் புரட்டிப் படித்தார். "பார்க்கிறேம்மா" என்று பி.ஏ.விடம் கொடுத்தார். பி.ஏ. பைக்குள் வைத்தார். அப்புறம் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், கைதட்டல், தேசிய கீதம்.

கார் கிளம்பித் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்த அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, என் அட்டை?" என்றார்.

ஏரிக்கரை

அட்டை திரும்பி வந்ததா இல்லையா? அதைச் சொல்லாமல் பாதியில் விட்டுவிட்டீர்களே!

எங்கள் ஊர்க் கதை நிழற்குடை. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியது. நெற்றியில் அவர் பெயர் ஒரு முழ உயரத்துக்கு. ஊர்ப் பெயரைத் தூணில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சரி, அதுகூடப் போகட்டும். கட்டியது மேற்குப் பார்த்து. சாயந்தரம் காலேஜ் பஸ் வருகிற நேரத்தில் வெயில் நேராக பெஞ்சில் விழும். பிள்ளைகள் எல்லாம் குடைக்குப் பின்னால் சுவர் நிழலில்தான் நிற்கும். சாதனை மலரை வீடு வீடாகக் கொடுக்க வந்தபோது இதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "நான் பரிந்துரை மட்டும்தாம்மா, கட்டுறது அதிகாரிங்க" என்றார். பரிந்துரை மட்டும் என்றால் பெயர் மட்டும் எதற்கு அவ்வளவு பெரிதாக? அதைக் கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கோப்பு எண்

ஏரிக்கரை அம்மா, கோபப்படாதீர்கள். அவர் சொன்னது விதிப்படி சரியான பதில். ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு பைசாகூட எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார். பொறியாளர் மதிப்பீடு போடுவார். ஒன்றியமோ பேரூராட்சியோ டெண்டர் விட்டுச் செய்யும். நிழற்குடை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது அந்த வரைபடம் போட்டவர் வேலை.

என் அனுபவம் சின்னதுதான். பணியில் இருந்தபோது இப்படி ஒரு கூட்டத்தில் எம்.எல்.ஏ. மைக்கை என் கையில் திணித்து, "சார் பதில் சொல்வார்" என்று உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கும் மைக்கைப் பார்த்தால் கை வியர்க்கிறது.

நீங்கள் எல்லோரும் செய்ய வேண்டியது வேறு. கூட்டத்தில் கத்திப் பயனில்லை. பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் இப்படிக் கட்டினீர்கள்" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, செய்த வேலையின் அளவைப் பதிகிற எம்-புக் பக்கங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டும் அல்ல, மார்ச் 22, நவம்பர் 1 அன்றும் உண்டு. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்கிற விவாதம், நடக்கும்போது துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வரும். இணையத்தில் கிடைக்கும், இறக்கிப் படியுங்கள். திண்ணைக்காரன் சொன்ன அம்மா நிராகரிப்பு குறுஞ்செய்தி வந்த முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும்.

திண்ணைக்காரன்

ஐயா, குறுஞ்செய்தி வந்த போன் அவர் மகனுடையது. மகன் திருப்பூரில். அந்த முப்பது நாள் எப்போது ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

ஏரிக்கரை, அட்டை வந்தது. அடுத்த வாரம் கிளைச் செயலாளர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு சாதனைத் துண்டறிக்கை மடித்து வைத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மூணாவது பெஞ்ச்

கோப்பு எண் சார், இவ்வளவு படிக்கத் தெரிந்தவன் ஏன் சார் கூட்டத்துக்குப் போகிறான்?

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கேட்டோம். 2020 கடைசியில் எம்.எல்.ஏ. சொன்ன பதில்: "நிதியில ஒரு கோடி கொரோனாவுக்குப் போயிருச்சு." உண்மைதான், அந்த ஏப்ரலில் எல்லா எம்.எல்.ஏ. நிதியிலிருந்தும் ஒரு கோடி எடுப்பதாக அரசு அறிவித்தது. மறுபடியும் ஜெயித்தார். 2023இல் விளக்கக் கூட்டம் போட்டார். கழிப்பறை பற்றிக் கேட்டால் திரும்பவும் கொரோனா.

ஒரு பெண் பிள்ளை எழுந்தது. சீருடையில்தான் இருந்தது. "சார், போன தடவை இதைச் சொன்னப்போ நான் ஆறாவது. இப்போ ஒன்பதாவது."

பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். "பாப்பா நல்லாப் படி, பெரிய ஆளா வருவே" என்று தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டார். ஃபோட்டோ எடுத்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. சால்வையைக் கழற்றவும் தெரியாமல், உட்காரவும் தெரியாமல் நின்றது.

கழிப்பறை இப்போது இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் பழைய மாணவர்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் கட்டி வாங்கியது. இந்த வருட சாதனை மலரில் நான்காம் பக்கத்தில் அதன் படமும் இருக்கிறது, மேல் ஓரத்தில் வட்டத்துக்குள் அவர் முகத்தோடு.