டிஸ்கவரி, ஹிஸ்டரி சேனல்கள் ஏன் இப்படி ஆகிவிட்டன?

நகரிக்காரன்:
திருத்தணி தாண்டினால் எங்கள் நகரி. கடைப் பலகை, ரேஷன் கார்டு எல்லாம் தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். பையன் இங்கிலீஷ் மீடியம், இரண்டாவது பாடம் தெலுங்கு. அவன் காதில் அறிவியல் தமிழில் விழுந்தது என்றால் அது டிஸ்கவரி தமிழில்தான். கருந்துளை, எரிமலைக் குழம்பு, பனியுகம் என்று அவன் பேசும்போது அம்மாவே வியந்து பார்ப்பார். கரண்ட் போய் வந்தால் பாக்ஸ் மறுபடி தெலுங்கு ஆடியோவுக்குப் போய்விடும், ரிமோட்டை எடுத்து மொழியை மாற்றிவிட்டுத்தான் உட்காருவோம், அவ்வளவு ஆசையாகப் பார்த்த சேனல். இப்போது எப்போது போட்டாலும் தங்கம் தோண்டுகிறார்கள், இல்லையென்றால் பழைய காரைப் பிரித்துப் போட்டு விற்கிறார்கள். ஹிஸ்டரியில் லாஸ் வேகஸ் அடகுக் கடைப் பேரம், அது முடிந்தால் பழங்காலத்தில் வேற்றுக்கிரகவாசி வந்தான் என்ற கதை. பெயரை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றினால் கேட்க ஆளே இல்லையா?

கேபிள் அண்ணன், பொதட்டூர்பேட்டை:
தம்பி, நான் லைன் ஓட்டுகிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன். விளம்பரத்தை 10 விநாடிக் கணக்கில் விற்கிறார்கள், ரேட் டிஆர்பியைப் பொறுத்தது. காட்டு விலங்கைப் படம் பிடிக்க கேமராக்காரர் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அடகுக் கடை என்றால் அதே கடை, அதே நாலு பேர், பொருள் மட்டும் புதுசு. செலவு கம்மி, எபிசோடும் நூற்றுக்கணக்கில் வந்துவிடும். ஹிஸ்டரியில் 2009ல் ஆரம்பித்த அந்த நிகழ்ச்சி நன்றாக ஓடியது, அப்புறம் எல்லாரும் அதே வழியில் போனார்கள்.

இதில் எனக்கு ரொம்ப வருத்தம் டிஎல்சி சேனல் விஷயத்தில்தான். 1972ல் அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதி மக்களுக்குப் பாடம் கொண்டுபோக நாசா செயற்கைக்கோள் உதவியோடு தொடங்கியது அது. 1980ல் தனியார் கைக்குப் போய் 'தி லேர்னிங் சேனல்' ஆனது, 1991ல் டிஸ்கவரி வாங்கியது. இன்றைக்குப் பார்த்தால் சமையல், கல்யாண உடை, குடும்பச் சண்டை. இங்கேயும் சேனல் வி 2012ல் பாட்டை விட்டு சீரியலுக்குப் போனது, திரும்பப் பாட்டுக்கே வந்தும் நிற்கவில்லை, 2018ல் அந்த இடம் விளையாட்டு சேனலுக்குப் போய்விட்டது.

கேட்க ஆள் இல்லையா என்றீர்கள். தன் சேனல் பக்தியா, செய்தியா, இசையா என்று டிராயிடம், அதாவது டிவி, போன் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையத்திடம், சொல்வது சேனல்காரரே. டிஸ்கவரி, ஹிஸ்டரி இருப்பது தகவலும் பொழுதுபோக்கும் கலந்த 'இன்ஃபோடெயின்மென்ட்' வகையில், அதற்குள் சிங்கமும் அடங்கும், அடகுக் கடையும் அடங்கும். நிகழ்ச்சி விதியை மீறினால் சேனலிடமும், அதற்கு மேல் ஒளிபரப்பாளர் அமைப்பிடமும் புகார் கொடுக்கலாம், ஆனால் சரக்கு மாறிவிட்டது என்பது அதில் நிற்பது கஷ்டம். பிடிக்காவிட்டால் பேக்கிலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் தனியாக வாங்குவதைவிட பல சேனலைக் கட்டாகக் கொடுக்கிற பொக்கேயில் மலிவு என்பதால் யாரும் எடுப்பதில்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அண்ணன் சொல்வது செலவுக் கணக்கு. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 2012ல் அனிமல் பிளானட் கடல்கன்னி பற்றி ஒரு படம் போட்டது, விஞ்ஞானிகளாக நடித்தவர்கள் நடிகர்கள். நம்பியவர்கள் அத்தனை பேர், கடைசியில் அமெரிக்க அரசின் கடல் ஆய்வுத் துறையே கடல்கன்னி இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட வேண்டி வந்தது. அடுத்த வருடம் டிஸ்கவரி, அழிந்துபோன மெகலோடான் சுறா இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று அதே வேலையைச் செய்தது. அந்தத் துண்டுகள் இன்னமும் போனில் சுற்றுகின்றன. என் வகுப்புப் பிள்ளைகள் "டிஸ்கவரியில் வந்தது டீச்சர்" என்று சொல்லும்போது அதை மறுத்துப் புரியவைப்பது பெரும் பாடு. அடகுக் கடையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதை மாட்டேன்.

நகரிக்காரரே, எங்கள் பக்கம் கைட் விக்டர்ஸ் இருக்கிறது, கேரள அரசின் கல்வி சேனல். 2020ல் பள்ளி மூடியபோது 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தமிழ் மீடியத்துக்கும் கொடுத்தார்கள், பாலக்காட்டு எல்லையில் தமிழில் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. விளம்பரத்தை நம்பி ஓடாததால்தான் அது பாதை மாறவில்லை என்று நினைக்கிறேன்.

பட்டறை, செங்கோட்டை:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஹிஸ்டரியில் கத்தி அடிக்கிற போட்டி வருகிறதே, பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கும்போது கோணிக்கொண்டால் அடித்தவன் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அப்பா பட்டறை வைத்திருந்தவர், "ரொம்பச் சூடேத்திட்டான், விரிசல் விடும்" என்று முன்னாலேயே சொல்லிவிடுவார். அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஏஎம்சி சேனலும் 1984ல் பழைய சினிமா போடத்தான் வந்தது, 2007க்கு மேல் நல்ல நாடகத் தொடர்கள் அங்கிருந்து வந்தன. மாறுவது தப்பில்லை. டீச்சர் சொன்ன பொய்தான் தப்பு.

நகரிக்காரன்:
கத்திப் போட்டி பையனுக்கும் பிடிக்கும், சரி. ஆனால் வானம், கடல், பூமி பற்றித் தமிழில் கேட்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை, என் ஆதங்கம் அதுதான். அண்ணே, தமிழ்நாட்டு அரசின் கல்வி டிவியை இந்தப் பக்கத்து கேபிளில் கொடுக்க முடியுமா?

கேபிள் அண்ணன், பொதட்டூர்பேட்டை:
உங்கள் ஆபரேட்டர் கையில் இல்லை தம்பி, மேலே கன்ட்ரோல் ரூமில் ஏற்ற வேண்டும். தெருவில் பத்து வீட்டுக்காரர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒருத்தர் கேட்டால் காதில் வாங்க மாட்டார்கள்.