மலைக்கிராமத்து வீட்டுக்கு சிம் மோடம் போதுமா?

மிளகுக்கொடி (கொல்லிமலை)

சென்ற வாரம் இங்கே ஒருவர், "மலையில் இருப்பவர்கள் சிம் மோடத்துக்குச் செலவழிப்பது ஆற்றில் போட்ட பணம், ஃபைபர் வரும்வரை பொறுத்திருந்து அதைக் கேட்டு வாங்குவதே நல்லது" என்று எழுதியிருந்தார். பதினொரு மாதமாக அந்த மோடத்தை, அதாவது கைபேசி சிம்மைப் போட்டு டவரிலிருந்து இணையம் எடுக்கும் பெட்டியை, நம்பி நடக்கும் வீடு எங்களுடையது. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேடு தாண்டி, ஒரு பள்ளத்தில் இருக்கிறது வீடு. பஞ்சாயத்து அலுவலகம் வரை ஃபைபர் என்ற கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் வாசலுக்கு இரண்டரை கிலோமீட்டர். நடுவில் ஓர் ஓடை, இரண்டு காப்பித் தோட்டங்கள். கேட்கும்போதெல்லாம் "இப்போதைக்கு உங்கள் பக்கம் வசதி இல்லை" என்ற ஒரே பதில். மகள் நாமக்கல் வியாபாரிகள் ஆறு பேருக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறாள். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பலா மரத்தடிக்கு ஓடுவாள். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

முதலில் ஒரு மோடத்தை வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். சிக்னல் மைனஸ் 112 (டிபிஎம் கணக்கில்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). பெயருக்குத்தான் இணைப்பு. பிறகு அதைக் கொடுத்துவிட்டு, வெளியில் பொருத்தும் வகையை வாங்கி, 6 மீட்டர் ஜிஐ குழாயின் உச்சியில் டவரைப் பார்க்கக் கட்டினேன். மைனஸ் 94 ஆனது. 18 டெசிபெல் என்றால் கேட்கச் சின்ன எண்தான். கணக்குப் போட்டால் 60 மடங்குக்கும் மேல். இப்போது காலையில் 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), இரவு எட்டு மணிக்கு 6 அல்லது 7. பதிவேற்றம் 4-க்குக் கீழே போனதில்லை. குழாய், கேபிள், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய். மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். இது ஆற்றில் போட்ட பணமா?

பழைய லைன்மேன் (சேலம்)

தம்பி, அதை எழுதியவன் நான்தான். 31 ஆண்டுகள் கம்பம் ஏறியவன். உங்கள் மகள் மரத்தடியில் உட்கார்ந்ததைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

உங்களுக்கு 20 கிடைப்பது உங்கள் குழாயால் மட்டுமில்லை. உங்கள் பக்கம் குழாய் நட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்பதாலும் கிடைக்கிறது. 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதும் கொடுத்தாலும், இரண்டு ஆண்டெனா முறையில் டவரின் ஒரு முகத்துக்கு உச்சம் 150 எம்பிபிஎஸ். அதுவும் டவருக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு. அதைத்தான் அந்தத் திசையில் இருக்கும் அத்தனை கைபேசிகளும் பங்கு போட வேண்டும். உங்களைப் பார்த்து நாற்பது வீடுகள் குழாய் நட்டால் இரவு எட்டு மணிக்கு உங்கள் 6 என்ன ஆகும்?

ஃபைபரில் கணக்கே வேறு. வீடுகளுக்குக் கொடுக்கும் ஜிபான் முறையில் ஓர் இழை விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் கொண்டு வரும். அதை 64 வீடுகளுக்குப் பிரித்து, 64 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ் நிற்கும். இழை பழையதானாலும் இரு முனைக் கருவிகளை மாற்றி வேகத்தைக் கூட்டலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரே மோடம் வாங்கிவிட்டால், "அந்த ஊரில் எல்லோரிடமும் இணையம் இருக்கிறது" என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு கம்பம் வராது. இதை என் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தேயிலைச்சரிவு (கூடலூர்)

ஐயா சொல்வதை வழிமொழிகிறேன். எனக்கு இரண்டு ஆண்டு அனுபவம், முழுவதும் கசப்பு. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குப் போகும் வண்டிகள் எங்கள் ஊர் வழியாக வரிசை கட்டும். அந்த இரண்டு மாதமும் மோடத்தில் ஒரு மின்னஞ்சல்கூட நகராது. தோட்டத்துக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்று வாங்கியதும் நடக்கவில்லை. சிம் இணைப்பில் பெரும்பாலும் வீட்டுக்கென்று, வெளியிலிருந்து தேடி வர உதவும் தனிப் பொது இணைய முகவரி (ஐபி) கிடைப்பதில்லை, ஆயிரம் பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதைப் பணம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு கடையில் சிக்னல் பூஸ்டர் என்று ஒரு பெட்டியையும் தலையில் கட்டினார்கள். அதைப் போட்ட மறுவாரம் பக்கத்து வீடுகளில் அழைப்புகள் அறுந்து அறுந்து போயின. அதிகாரிகள் தேடி வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றமாம். யாரும் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

வானலை (கோத்தகிரி)

ஆண்டெனா கட்டுவது என் தொழில். தேயிலைச்சரிவு நண்பரே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அதில் பாதி மோடத்தின் குற்றம் இல்லை. பூஸ்டர் என்பது எல்லா அலையையும் இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கித் திரும்ப ஒலிபரப்பும் பெட்டி. டவரின் காதை அடைத்துவிடும். மிளகுக்கொடி கட்டியது அதுவல்ல. கூர்மையாகக் கேட்கும் காது மட்டுமே. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

மலையில் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மோடத்தை வீட்டுக்குள் வைத்து, கூரை ஆண்டெனாவிலிருந்து பத்து மீட்டர் மெலிந்த ஆர்ஜி58 கேபிளை இழுப்பார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளே 7, 8 டெசிபெல்லை விழுங்கிவிடும். ஆண்டெனா சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிட்டது. வெளி மோடம் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். ரேடியோ கம்பத்தின் உச்சியிலேயே இருக்கிறது; கீழே வருவது மின்சாரத்தையும் தகவலையும் சேர்த்துக் கொண்டுவரும் சாதாரண நெட்வொர்க் கேபிள், 100 மீட்டர் வரை இழப்பே தெரியாது.

அடுத்தது அலைவரிசை. கொல்லிமலையில் மிளகு ஏறுவது சில்வர் ஓக் மரத்தில். மழை நனைத்த இலை 2300 மெகாஹெர்ட்ஸை அப்படியே குடித்துவிடும். 850, 900 ஓரளவு ஊடுருவி வரும், ஆனால் அதன் அகலம் குறைவு, வேகமும் குறைவு. பிஎஸ்என்எல் 4ஜி 700-லும் வருகிறது. மலைக்கு அது வரப்பிரசாதம், ஆனால் பேண்ட் 28 (700-க்கு உரிய எண்) இல்லாத பழைய மோடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. வாங்குமுன் பெட்டியில் பேண்ட் எண்களைப் படியுங்கள். சிக்னல் வலிமையோடு எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணையும் பாருங்கள். இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை அது சொல்லும். வலிமை நன்றாக இருந்து அது 3, 4 என்று கிடந்தால் கம்பத்தை உயர்த்திப் பயனில்லை, திசையை மாற்றுங்கள்.

குழாயை எர்த் செய்திருக்கிறீர்களா, மிளகுக்கொடி? மேட்டில் நிற்கும் இரும்புக் குழாய்க்கு ஐப்பசி இடி வருவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

மிளகுக்கொடி (கொல்லிமலை)

எர்த் செய்யவில்லை. நாளையே ஆள் கூப்பிடுகிறேன், நன்றி.

லைன்மேன் ஐயா, உங்கள் பங்குக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அடிவாரத்தில் என் மைத்துனர் வீட்டுக்கு ஃபைபர் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒரே வாளியில் அறுத்துப் போட்டது. 19 நாள் இணைப்பு இல்லை. அந்த 19 நாளும் அவர் பையன் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துதான் தேர்வு விண்ணப்பத்தை முடித்தான். வீடு கட்டும்வரை கொட்டகையில் குடியிருப்பது குற்றமா? நாட்டின் ஃபைபர் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2011-இல். 2015-இல் அது பாரத்நெட் ஆனது. 2011-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இப்போது பள்ளியையே முடித்துவிட்டது. எவ்வளவு பொறுப்பது?

பழைய லைன்மேன் (சேலம்)

பொறுக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். அறுந்ததைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரே வழியாகக் கேபிள் போனால் அப்படித்தான் ஆகும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்த திருத்திய பாரத்நெட் திட்டத்தில் வளைய அமைப்பு என்று வைத்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றி வரும். 1,39,579 கோடி ரூபாய்த் திட்டம். தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் உங்கள் ஊராட்சியும் ஒன்று. பஞ்சாயத்து அலுவலகத்தில் முடிந்த கேபிளை உங்கள் வாசலுக்கு இழுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டியவர் நீங்கள்.

குன்றுப்பள்ளி (ஜவ்வாது மலை)

நான் ஆசிரியை. நீங்கள் இருவரும் ஒன்பதாயிரம் ரூபாய் புரட்ட முடிந்த வீட்டை வைத்தே வாதாடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020-இல் பள்ளிகள் மூடியபோது என் வகுப்பில் 34 பிள்ளைகள். இணையம் வரும் கைபேசி இருந்தது ஒன்பது வீடுகளில். அதிலும் அப்பா வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டு போய்விடுவார். மீதி நேரத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான் ஒதுக்கீடு. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு ஒரு ஜிபி வரை தின்னும். ஒதுக்கீடு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்). அந்த வேகத்தில் என் முகம் பிள்ளைகளுக்கு அசையாத படமாகத்தான் தெரிந்தது. அதையும் கணக்கில் "இணைப்பு உண்டு" என்றே எழுதினார்கள். 2023 ஜனவரியில்தான் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று அரசு வரையறையை உயர்த்தியது. அதற்கு முன் 512 கேபிபிஎஸ் போதும் என்று இருந்தது.

இப்போது எங்கள் ஊரில் டீக்கடை அண்ணன் கூரையில் ஒரு வெளி மோடம் வைத்திருக்கிறார். ஊர்ப் பிள்ளைகள் சின்னத் தொகை கொடுத்து அதில் படிக்கிறார்கள். 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டத்தில், கடைக்காரர் பொது வைஃபை கொடுக்க உரிமமோ பதிவுக் கட்டணமோ தேவையில்லை. நாற்பது வீடும் நாற்பது குழாய் நட்டு ஒரே டவரைப் பிய்ப்பதைவிட, நல்ல இடத்தில் ஒன்று நட்டுப் பகிர்வது மேல். லைன்மேன் ஐயா, நாளை ஃபைபர் வந்தாலும் மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு அது கம்பத்தோடு நின்றுவிடும். அதற்கு உங்களிடம் என்ன பதில்?

பழைய லைன்மேன் (சேலம்)

அம்மா, பதில் இல்லை. நான் வீட்டுக் கம்பத்தையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த டீக்கடைக்கு முதலில் ஃபைபர் கொடுக்க வேண்டும் என்று வேண்டுமானால் சொல்வேன்.

தேயிலைச்சரிவு (கூடலூர்)

ஒரு சந்தேகம். பெருமழையில் எங்கள் பக்கம் சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் எதுவும் திறக்காது. இலை குடிக்கிறது என்றால் சிக்னல் அல்லவா குறைய வேண்டும்?

வானலை (கோத்தகிரி)

மிகச் சரியான கேள்வி. அங்கே இலையைக் குறை சொல்ல முடியாது. உங்கள் டவருக்கு ஃபைபர் போகவில்லை என்று நினைக்கிறேன். மலை டவர்கள் பலவற்றில் முரசு போல வட்டமான டிஷ் ஒன்று தொங்கும்; அதுதான் இன்னொரு டவரிலிருந்து மைக்ரோவேவில் இணையத்தை வாங்குகிறது. அது பெரும்பாலும் 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும். அந்த அலையைக் கனமழை நேரடியாகவே அடித்துவிடும். டவருக்கும் உங்களுக்கும் நடுவே பேச்சு நன்றாக இருக்கிறது, டவருக்கும் உலகத்துக்கும் நடுவேதான் அறுந்திருக்கிறது. இரவு எட்டு மணி நெரிசலிலும் பாதி அங்கேதான் நடக்கிறது.

லைன்மேன் ஐயாவுக்கும் மிளகுக்கொடிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: டவர் வரைக்கும் ஃபைபர் போனால், வீட்டுக்கு வராவிட்டாலும் அந்த நாற்பது வீட்டின் வேகமும் மாறும்.

பழைய லைன்மேன் (சேலம்)

இதை ஏற்கிறேன். மிளகுக்கொடி தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். கேபிள் புதைத்த வழியில் அடையாளக் கற்கள் நட்டிருப்பார்கள். செம்மேட்டிலிருந்து அந்தக் கற்களைப் பிடித்துக்கொண்டே நடந்து போங்கள். உங்கள் டவரிலிருந்து கடைசிக் கல் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள். டவரில் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும்.

மிளகுக்கொடி (கொல்லிமலை)

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். குழாய்க்கு எர்த் போட்டாயிற்று.

நானும் மகளும் நடந்தோம். கற்கள் பஞ்சாயத்து அலுவலகத்தைத் தாண்டி, ரேஷன் கடை வரை வருகின்றன. பாதி காட்டாமணக்குப் புதருக்குள் மூடிக் கிடந்தன, கத்தியால் வெட்டி விலக்கித்தான் பார்த்தோம். ரேஷன் கடைக்கு அப்பால் கல் இல்லை. அங்கிருந்து டவருக்கு வண்டிப் பாதையில் 1.4 கிலோமீட்டர். டவரில் டிஷ் ஒன்றுதான், சமவெளிப் பக்கம் பார்க்கிறது. சாலையை ஒட்டிய பாதை, ஓடை இல்லை, தோட்டம் இல்லை. இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது என்று இதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஐயா, மோடத்தைக் கழற்ற மாட்டேன். ஆனால் மனு எழுதுகிறேன். ஊரில் 52 கையெழுத்து கிடைக்கும். நீங்களும் ஆசிரியை அக்காவும் சொன்னதை வைத்து, சிம் இணைப்பு இருக்கும் வீட்டை "வசதி பெற்ற வீடு" என்று கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதுவேன்.

பழைய லைன்மேன் (சேலம்)

கழற்ற வேண்டாம். மனுவை அனுப்புமுன் எனக்குக் காட்டுங்கள். அந்த 1.4 கிலோமீட்டர் முதல் வரியில் இருக்கட்டும்.